உன் மலை எது, உன் ஆறு எது? – நியூசிலாந்தின் வடக்குத் தீவில் பத்து நாள்

முதல் நாள் – ஆக்லாந்து

விமான நிலையத்தில் என் மலையேற்றக் காலணியைக் கேட்டு வாங்கினார்கள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்த பெண் அதிகாரி, பள்ளங்களில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் காட்டி, "இது எந்த ஊர் மண்?" என்றார். போன மாதம் பாபநாசம் போயிருந்தபோது ஒட்டிய மண். உள்ளே எடுத்துப்போய்ச் சுரண்டிக் கழுவி, ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தார். இங்கே கவுரி என்றொரு பெருமரம் உண்டு. அதன் வேரை அழுகவைக்கும் நோய் மண் வழியாகத்தான் பரவுகிறது. ஒரு சிட்டிகை மண்ணுக்குப் பத்து நிமிடம் செலவிட்டதைப் பார்த்தபோது அந்த அதிகாரி மீது மரியாதை வந்தது.

நானும், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளும் வந்திருக்கிறோம். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தினமும் இரவு எழுதி அனுப்புவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மாலையில் மவுங்காஃபாவு மீது ஏறினோம். 196 மீட்டர்தான் உயரம். ஆக்லாந்து நகரமே ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உச்சியில் 50 மீட்டர் ஆழத்துக்குக் கிண்ணம் போலப் புல் மூடிய எரிமலை வாய். அதற்குள் யாரும் இறங்குவதில்லை. அது மாட்டாஹோ என்ற தெய்வத்தின் கிண்ணம். சரிவெங்கும் படிப்படியாக வெட்டிய தளங்கள், நடுவே சதுரப் பள்ளங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சேமித்து வைக்க, இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தோண்டிய குழிகள் அவை.

அருங்காட்சியகத்தில் 25 மீட்டர் நீளமுள்ள போர்த்தோணி ஒன்று இருக்கிறது. நூறு பேர் உட்கார்ந்து துடுப்பு வலித்த தோணி. மாவோரி மொழியில் தோணிக்கு 'வகா' என்று பெயர். எந்த வகாவில் தம் முன்னோர் இந்தக் கரைக்கு வந்தார்கள் என்பதை இன்றும் குடும்பம் குடும்பமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது நண்பர்கள் எல்லோரும் "தமிழ் மணியைப் பார்த்துவிட்டு வா" என்றார்கள். வடக்கே ஃபாங்காரேய் பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தார். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். விளிம்பில் தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி அது. இங்கே எப்படி வந்தது என்பது யாருக்கும் தெரியாது. அது வெல்லிங்டன் தே பாபா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எங்கள் பாதை வெல்லிங்டன் வரை போகவில்லை. ஆனாலும் முதல் நாளே அந்த மணி மனத்தில் ஏறிக்கொண்டது.

இரண்டாம் நாள் – வைட்டோமோ

வை என்றால் தண்ணீர். டோமோ என்றால் பூமியில் விழுந்த துளை. தெற்கே இரண்டரை மணி நேரப் பயணம். பச்சைப் புல்மேடுகளுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குகைகள்.

1887இல் இந்தப் பகுதியின் தலைவர் டானே டினோராவ், ஃபிரெட் மேஸ் என்ற ஆங்கிலேய நில அளவையாளரோடு ஆளிநார்த் தட்டைகளால் கட்டிய தெப்பத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் உள்ளே போனார். 1889இல் அவரே பயணிகளுக்குத் திறந்துவிட்டார். 1906இல் அரசு குகையை எடுத்துக்கொண்டது. 1989இல்தான் நிலமும் குகையும் அவர் வழிவந்தோரிடம் திரும்பின. 83 ஆண்டுகள்! வழிகாட்டி இந்த ஆண்டுக் கணக்கைக் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். தானும் அந்தக் குடும்பம்தான் என்பதை அதற்குப் பிறகு சொன்னார்.

படகில் உட்கார்ந்ததும் பேச்சை நிறுத்தச் சொன்னார்கள். படமும் எடுக்கக் கூடாது. வழிகாட்டி மேலே கட்டிய கயிற்றைக் கையால் பற்றி இழுக்க, படகு சத்தமில்லாமல் இருளுக்குள் நழுவியது. தலைக்கு மேல் நீலப்பச்சைப் புள்ளிகள், ஆயிரக்கணக்கில். அமாவாசை இரவில் மொட்டைமாடியில் படுத்து வானம் பார்த்த சிறுவயது நினைவு வந்தது. அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு புழு. கூரையிலிருந்து பட்டிழைகளைத் தொங்கவிடுகிறது. இழையில் பசைத்துளிகள் மணிமாலை போல. வெளிச்சத்தைத் தேடிப் பறந்து வரும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டால் இழையை மேலே இழுத்துத் தின்கிறது. மாதக்கணக்கில் இப்படி வாழ்ந்து, இறகு முளைத்துப் பறக்கும் பருவம் வந்ததும் அதற்கு உண்ண வாயே இருப்பதில்லை. சில நாட்களில் முட்டையிட்டு முடிந்துவிடுகிறது. இதைக் கேட்டபின் மறுபடி அண்ணாந்து பார்க்கையில் அழகோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது.

பிற்பகலில் வேறொரு குகை. இங்கே படகு கிடையாது. உடலை ஒட்டிய ரப்பர் உடை, ஹெல்மெட், இடுப்பில் டயர் டியூப். நிலத்தடி ஓடையில் டியூபில் சாய்ந்து மிதந்து போக வேண்டும். சிறிய அருவி ஒன்றின் விளிம்பில் திரும்பி நின்று, முதுகுப்புறமாகக் குதிக்கச் சொன்னார்கள். மகள் தயங்காமல் குதித்தாள். நான் மூன்று முறை மூச்சை இழுத்துப் பிடித்தபின் குதித்தேன். தண்ணீரின் குளிர் கழுத்து வழியாக உள்ளே புகுந்தது. ஓரிடத்தில் எல்லோரும் நெற்றி விளக்கை அணைத்து, முன்னால் இருப்பவர் காலைப் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொண்டு, ஒரே சங்கிலியாக மிதந்தோம். மகளின் பாதம் என் கையில். மேலே அதே நீலப் புள்ளிகள். அந்தப் பத்து நிமிடத்துக்காக மட்டுமே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் – ரோட்டொருவா

ஊர் எல்லையிலேயே கந்தக வாடை வந்துவிட்டது. சாலையோரச் சாக்கடை மூடியிலிருந்து ஆவி, பூங்காவின் குட்டையிலிருந்து ஆவி, வீட்டு வேலிகளுக்குப் பின்னாலிருந்து ஆவி. ஊரே உலையில் வைத்த பானை மாதிரி இருக்கிறது.

ஃபகரேவரேவா கிராமத்துக்குப் போனோம். இது காட்சிக்காகக் கட்டிய இடமல்ல. மக்கள் குடியிருக்கும் ஊர். 1886 ஜூன் 10 அதிகாலையில் டராவெரா எரிமலை வெடித்தது. உலகமெங்கிலும் இருந்து ஆட்கள் கப்பலேறி வந்து பார்த்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படித்தளங்கள் அன்றோடு மறைந்தன. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று சோஃபியா ஹினெராங்கி என்ற வழிகாட்டிப் பெண்ணின் வீட்டுக்குள் ஒதுங்கிய அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள். வீடிழந்தவர்களில் பலர் இங்கே உறவினரிடம் வந்து குடியேறினார்கள். சோஃபியாவும் இங்கே வந்து மறுபடி வழிகாட்டியானார். இன்று எங்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டியவரும் அந்தத் தொழில் வழியில் வந்தவர்தான். ஐம்பது வயதிருக்கும். கீழ் உதட்டிலும் முகவாயிலும் பச்சை குத்தியிருந்தார்.

அவர் ஒரு வலைப்பையில் மக்காச்சோளக் கதிர்களைப் போட்டு, கொதித்துக்கொண்டிருந்த ஊற்றில் இறக்கிக் கயிற்றைக் கம்பியில் கட்டினார். சற்று நேரத்தில் வெளியே எடுத்தபோது மணிகள் உப்பிப் பளபளத்தன. உப்பே போடவில்லை, ஆனால் லேசான உப்புச் சுவை. பக்கத்தில் மரப்பெட்டிகளைத் தரையில் பதித்திருக்கிறார்கள். பூமியின் ஆவிதான் அடுப்பு. இறைச்சியும் கிழங்கும் கோஸும் அதற்குள் வேகின்றன. எங்களுக்குக் கிழங்கும் பூசணியும் கிடைத்தன. இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவியை அந்த மூடியைத் தூக்கும்போது உணர்ந்தேன். கல்லறைகள் கூடத் தரைக்கு மேலேதான் கட்டப்பட்டிருக்கின்றன. தோண்டினால் சூடு.

கூடும் வீட்டின் முன் நின்று அவர் விளக்கினார். கூரை முகட்டில் இருக்கும் முகம் முன்னோரின் முகம். இரு பக்கமும் சரியும் பலகைகள் விரித்த கைகள். உள்ளே முகட்டு உத்தரம் முதுகெலும்பு, சட்டங்கள் விலா எலும்புகள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தோம். முன்னோரின் வயிற்றுக்குள் நிற்கிறோம் என்ற எண்ணத்தில் குரல் தானாகவே தாழ்ந்தது.

வெளியே வந்ததும் அவர் எங்களைப் பார்த்து, "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றார். இந்தியா என்றேன். தலையை அசைத்தார். "அது நாடு. உங்கள் மலை எது? உங்கள் ஆறு எது?"

மாவோரிகள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை இதுதானாம். பெபெஹா என்கிறார்கள். முதலில் மலை, பிறகு ஆறு அல்லது ஏரி, முன்னோர் வந்த வகா, இனக்குழு, குடும்பம். தன் பெயர் கடைசியில்தான் வரும். பார்த்து ரசித்த மலையைச் சொல்லக் கூடாது, எந்த மலையின் நிழலில் வளர்ந்தாயோ அதைச் சொல்ல வேண்டும் என்றார்.

எனக்கு ஒரு நொடி கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பொதிகை, தாமிரபரணி. அம்பாசமுத்திரத்தில் பிறந்தவளுக்கு வேறென்ன? நம்மூரிலும் பழைய ஆட்கள் "நீ எந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்தவ?" என்றுதானே கேட்பார்கள்! அவர் நெருங்கி வந்து என் மூக்கோடு மூக்கையும் நெற்றியோடு நெற்றியையும் வைத்தார். ஹொங்கி. இருவர் மூச்சும் ஒன்றாகும் நேரம். கைகூப்பி வணங்கியே பழகிய எனக்கு அந்த நெருக்கம் கண்ணைக் கலங்கவைத்தது.

பிறகு மகளிடம் திரும்பினார். அவள் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். "எனக்குத் தெரியவில்லை" என்றாள். அறைக்குத் திரும்பும்வரை ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள் – கைட்டுனா ஆறு

கை என்றால் உணவு, டுனா என்றால் விலாங்கு. விலாங்கு கிடைக்கும் ஆறு. ரோட்டொயிட்டி ஏரியிலிருந்து புறப்பட்டு, குறுகிய பாறை இடுக்குக்குள் விழுந்து விழுந்து ஓடுகிறது. இதில் டூட்டியா அருவி 7 மீட்டர் உயரம். பயணிகளை ஏற்றிக்கொண்டு காற்றடைத்த ரப்பர் படகோடு அப்படியே கீழே இறங்குகிறார்கள். அருவிப் பக்கத்துப் பாறைக் குகைகளில் போர்க்காலத்தில் பெண்களும் குழந்தைகளும் ஒளிந்திருந்தார்கள் என்று சொன்னார்கள்.

படகு கிளம்பும் முன் வழிகாட்டி துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு கரகியா சொன்னார். பிரார்த்தனை. தண்ணீரிடம் அனுமதி கேட்பது அது. நான் நீச்சல் கற்றுக்கொண்ட நாளில், கல்மண்டபப் படித்துறையில் ஆச்சி முதலில் என்னைத் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்ளச் சொன்னது நினைவுக்கு வந்தது. அதன் பிறகுதான் கால் நனைக்கலாம்.

அருவியின் விளிம்பில் எல்லாம் ஒரு கணம் நின்றது போலிருந்தது. "உள்ளே குனியுங்கள்" என்ற கத்தல் கேட்டது. மூக்கு, காது, வாய் எங்கும் நீர். வெளிச்சம் பச்சையானது, பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு. கசத்துக்குள் போனால் கையை உதறாதே, ஆறே மேலே தள்ளும் என்று ஆச்சி சொல்லிக் கொடுத்த பாடம் உடம்பிலேயே இருந்திருக்கிறது. கயிற்றைப் பற்றியபடி அசையாமல் இருந்தேன். படகு தலையைத் தூக்கி மேலே வந்தது. யாரும் விழவில்லை. மகள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நேற்றைய மௌனம் கொஞ்சம் கரைந்திருந்தது.

மாலையில் ரெட்வுட் காட்டில் நடந்தோம். 1901இல் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அழகுதான். ஆனால் பக்கத்திலேயே இந்த மண்ணுக்கே உரிய மரப்பெரணிகள் குடை விரித்து நிற்கும்போது என் கண் அவற்றின் மீதுதான் போனது.

ஐந்தாம் நாள் – டாவ்போ

ஹுகா அருவியை ஒரு மணி நேரம் பார்த்தோம். அருவி என்பதைவிட, அகலமான வைக்காட்டோ ஆறு ஓர் இடுக்குக்குள் அடைபட்டுத் திமிறுவது என்று சொல்லலாம். நொடிக்கு 2,20,000 லிட்டர். மூச்சு வாங்குவதற்குள் ஒரு நீச்சல்குளம் நிரம்பிவிடும்.

பிற்பகலில் ஏரியில் கயாக். 616 சதுர கிலோமீட்டர் ஏரி. முழுவதும் எரிமலை வெடித்துக் குழிந்த பள்ளம். ஏரி வழியாகப் போனால் மட்டுமே பார்க்கக்கூடிய பாறை முகம் ஒன்று இருக்கிறது. 14 மீட்டர் உயரம், நெற்றியிலிருந்து தாடை வரை பச்சைக் கோடுகள். 1970களின் இறுதியில் மாட்டாஹி பிரைட்வெல் என்ற மாவோரிச் சிற்பி செதுக்கியது. ஙாட்டோரோயிராங்கி என்ற முன்னோர் அவர். நாளை மறுநாள் நாங்கள் ஏறப்போகும் மலையின் கதை அவருடையதுதான்.

இந்த 'ங' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் மொழியில் எந்தச் சொல்லையும் தொடங்கும் வேலை கிடைக்காமல் அரிச்சுவடியில் மட்டும் உட்கார்ந்திருக்கும் எழுத்து. மாவோரியில் சொல்லுக்குச் சொல் அதுதான் முதலில் நிற்கிறது. உடன் வந்தவர்கள் திணறினார்கள். நாங்கள் இருவரும் எளிதாகச் சொன்னோம்.

ஆறாம் நாள் – மழை

மலையடிவாரத்தில் காத்திருக்கிறோம். காற்று கடுமை, நாளை திறக்கலாம் என்கிறார்கள்.

விடுதிச் சுவரில் இந்தப் பகுதியின் மாவோரித் தலைவராக இருந்த ஹோரோனுக்கு தே ஹெயுஹெயு டூக்கினோவின் படம். டோங்காரிரோ, ஙாவுருஹோயி, ருவாபெஹு என்ற மூன்று சிகரங்களும் அவர் மக்களுக்கு மூதாதையர். துண்டுபோட்டு விற்கப்பட்டுவிடும் என்ற அச்சத்தில், 1887இல் சிகரங்களை அரசிடம் ஒப்படைத்தார். 1894இல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. எழுதிக் கொடுத்துக் கை கழுவிய தானமல்ல அது, சேர்ந்து காப்போம் என்ற அழைப்பு என்று அவர் வழிவந்தோர் சொல்கிறார்கள். படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தாத்தாவை யாராவது தானம் கொடுப்பார்களா?

ஏழாம் நாள் – டோங்காரிரோ

காலை ஆறரைக்கு மாங்காட்டெபோபோவில் பஸ் இறக்கிவிட்டது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஒரே திசையில் நடக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் சமதளத்தில், எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கற்களுக்கு நடுவே. பிறகு படிகள். முழங்கால் கெஞ்சத் தொடங்கியபோது திரும்பிப் பார்த்தேன். தூரத்தில், மேகத்துக்கு மேல், டாரனாக்கி மலையின் நுனி.

அந்த மலை முன்பு இங்கேதான் இருந்ததாம். பிஹாங்கா என்ற பெண்மலைக்காக மலைகளுக்குள் போர் மூண்டது. தோற்ற டாரனாக்கி இரவோடிரவாக மேற்கே கடலை நோக்கிப் போனது. போன தடம்தான் வங்கனுயி ஆற்றின் பள்ளத்தாக்கு. நாளை அந்தத் தடத்தில்தான் படகு விடப்போகிறோம்.

சிவப்பு எரிமலை வாயின் விளிம்பு 1,886 மீட்டர். எங்கள் அகத்தியர் மலை 1,868. பதினெட்டே மீட்டர் வித்தியாசம். இதை நான் உரக்கச் சொன்னபோது மகள் கைப்பேசியில் சரிபார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டாள். ஆனால் மலைகள்தான் எவ்வளவு வேறு! அங்கே சிகரம் வரை சோலைக்காடும் அட்டையும் ஈரமும். இங்கே புல் கூடக் கிடையாது. கருஞ்சிவப்பு மண், பாறைப் பிளவிலிருந்து ஆவி, காலுக்கடியில் சூடு. உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தேன். அடுப்பு அணைத்த பிறகு இருக்கும் மேடையின் வெதுவெதுப்பு.

ஙாட்டோரோயிராங்கி இந்த உச்சிக்கு ஏறி வந்து குளிரில் உயிர் போகும் நிலையில், முன்னோர் நாடான ஹவாயிக்கியில் இருந்த தம் சகோதரிகளைக் கூவி அழைத்தார். தென்றல் காற்று என்னைக் கொண்டுபோகிறது, நெருப்பு அனுப்புங்கள் என்று. டோங்கா என்றால் தெற்குக் காற்று. ரிரோ என்றால் கொண்டுபோகப்பட்டது. சகோதரிகள் அனுப்பிய நெருப்பு கடலுக்கடியிலும் நிலத்துக்கடியிலும் பாய்ந்து, இடையிடையே தலைதூக்கி வந்தது. அது தலைதூக்கிய இடங்கள்தான் ஃபக்காரி தீவும் ரோட்டொருவாவும் டாவ்போவும். இந்த ஐந்து நாளும் நாங்கள் அந்த நெருப்பின் பின்னாலேயே வந்திருக்கிறோம். நிலவியல் வரைபடத்தில் எரிமலைகளை இணைத்தாலும் இதே கோடுதான் வரும். தென்றல் என்றால் நமக்குச் சுகம். இங்கே தெற்கிலிருந்து வருவது துருவத்துக் குளிர் என்பது, கையுறைக்குள் விரல் மரத்தபோது புரிந்தது.

இறக்கம் சரளைச் சரிவு. அடிக்கு அடி கால் புதைந்து வழுக்கியது. கீழே மூன்று மரகதக் குளங்கள். கொஞ்சம் தள்ளிப் பெரிய நீல ஏரி. அது தபு, புனிதம். அதன் கரையில் சாப்பிடக் கூடாது, தண்ணீரைத் தொடக் கூடாது, சிகரங்களின் மேல் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காவலுக்கு ஆள் இல்லை, கம்பி வேலி இல்லை. பசியோடு வந்த ஒரு கூட்டம் ரொட்டியை எடுத்துவிட்டு, பலகையைப் படித்ததும் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொத்தம் எட்டரை மணி நேரம். கால் விரல் நகம் ஒன்று கறுத்துவிட்டது.

எட்டு, ஒன்பது, பத்து – வங்கனுயி ஆறு

ஆற்றில் கைப்பேசித் தொடர்பு இல்லை. மூன்று நாளையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஃபகஹோரோவிலிருந்து பிபிரிக்கி வரை ஏறத்தாழ 88 கிலோமீட்டர். இருவர் வலிக்கும் தோணி. துணி, உணவு, படுக்கை எல்லாம் மூடி திருகிய பிளாஸ்டிக் பீப்பாய்களில். எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு வழிகாட்டி இந்த ஆற்றங்கரைப் பிள்ளை, முப்பது வயதுக்குள் இருக்கும். என்னை 'ஃபையா' என்று அழைத்தான். அம்மா வயதுப் பெண்களை அழைக்கும் சொல் அது.

முதல் நாள் முழுக்க இருபுறமும் செங்குத்தான சேற்றுக்கல் சுவர்கள், பாசியும் பெரணியும் தொங்க. தண்ணீர் தேநீர் நிறம். ஆடுகள் பாறை விளிம்பில் நின்று எங்களைப் பார்த்தன. நீர்க்காகங்கள் முன்னால் பறந்து வழி விட்டன. ஓரிடத்தில் அவன் தோணியைச் சுவரோரம் ஒட்டிக் காட்டினான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கல்லில் வரிசையாகக் கைமுட்டி அளவுக் குழிகள். தலைமுறை தலைமுறையாக ஆற்றுக்கு எதிராகத் தோணியைத் தள்ளியவர்கள் ஒரே இடத்தில் கழியை ஊன்றி ஊன்றித் தேய்த்த குழிகள். என் கையை ஒன்றுக்குள் விட்டுப் பார்த்தேன். உள்ளே வழவழவென்று, அம்மிக்குழவி போல இருந்தது.

இந்த ஆறு சட்டப்படி ஓர் ஆள். 2017 மார்ச்சில் நியூசிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மலையிலிருந்து கடல் வரை இதை உயிருள்ள ஒரே முழுமையாக ஏற்றுக்கொண்டது. ஆற்றின் சார்பாகப் பேச இருவர். ஒருவரை அரசும் ஒருவரை ஆற்று மக்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். "நானே ஆறு, ஆறே நான்" என்ற அவர்களுடைய முதுமொழி சட்டத்திலேயே இருக்கிறது. இதற்காக நூறு ஆண்டுகளுக்கும் மேல் மனு கொடுத்தும் வழக்காடியும் வந்திருக்கிறார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவன் சொல்லவில்லை. தலைநீரின் ஒரு பகுதி 1970களிலிருந்து மின்சாரத்துக்காக வேறு பக்கம் திருப்பப்படுகிறது. "தலையில் வெட்டுப்பட்ட ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபையா" என்றான். அதே 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படி ஆட்கள் என்று தீர்ப்பளித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது என்று அவனுக்குச் சொன்னேன். துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

இரண்டாம் நாள் நண்பகலில் கரையேறி, காட்டுக்குள் நாற்பது நிமிடம் நடந்தோம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு இங்கே நிலம் கொடுத்தார்கள். 1936இல் கான்கிரீட் பாலம் கட்டி முடித்தார்கள். மண் கைகொடுக்கவில்லை. 1942இல் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. பாலம் மட்டும் இரு பக்கமும் காட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அன்று மாலை டியேக்கே. பயணிகள் தங்கும் குடிசையாகவும் மாவோரிகள் கூடும் மராயேயாகவும் இருக்கும் இடம். மது கூடாது. மேட்டின் கீழேயே நிற்கச் சொன்னார்கள். மேலிருந்து ஒரு முதிய பெண்மணியின் குரல் எழுந்தது, நீண்டு, உயர்ந்து, அழுகை போல. கரங்கா. விருந்தினரோடு அவர்களின் இறந்தவர்களையும் சேர்த்து அழைக்கும் அழைப்பு. என் அம்மா இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது. அந்தக் குரலில் மேடேறும்போது அவளும் கூட வருகிறாள் என்று நான் நம்பினேன். வரவேற்புரை முடிந்ததும் எங்கள் சார்பில் ஒருவர் பேசினார். பேச்சுக்குப் பின் பாட்டு வேண்டும் என்பது முறை. மகளும் நானும் பள்ளிப் பருவத்துத் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடினோம். வரிசையாக நின்று ஹொங்கி. பிறகு சாப்பாடு.

இரவில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுந்து தங்களைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. என் மலை பொதிகை, என் ஆறு தாமிரபரணி என்றேன். பாபநாசத்தில் பரிகாரம் செய்துவிட்டு ஆற்றிலேயே விட்டுப்போகும் துணிகளை வாரி வாரி எடுக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வகா என்ற இடத்துக்கு வந்தபோது, "எங்கள் கப்பல் ஒன்றின் மணி உங்கள் நாட்டில் இருக்கிறது" என்றேன். அந்த முதியவளுக்குத் தெரிந்திருந்தது. "கிழங்கு வேகவைத்தோம்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் எழுந்தாள். நான் அவளுக்காகப் பதறினேன். அம்மாவின் ஆற்றையே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"என் மலை பரங்கிமலை. சின்ன மலைதான். என் ஆறு அடையாறு. 2015 டிசம்பரில், எனக்கு ஒன்பது வயது, அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. மற்ற நாட்களில் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதற்கு உடம்பு சரியில்லை."

யாரும் சிரிக்கவில்லை. முதியவள் முன்னால் சாய்ந்து, நோயாளி இருக்கும் வீட்டில் விசாரிப்பது போலக் கேட்டாள்: "யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

மகள் பதில் சொல்லவில்லை. முதியவளும் பதிலுக்கு அவசரப்படுத்தவில்லை. தன் போர்வையில் பாதியை அவள் மடிமேல் இழுத்துவிட்டாள்.

பத்தாம் நாள் 21 கிலோமீட்டர் மிச்சம். அவுடாபு என்ற பாய்ச்சலில் தோணி குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் தூக்கிப் பிடித்தது. இருவரும் கால்களை முன்னால் நீட்டி மிதந்து, ஆறு விட்ட இடத்தில் கரை ஏறினோம். பீப்பாய்களைக் கட்டியிருந்த கயிறு அவிழவில்லை. பிபிரிக்கியில் மகள் தோணியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். காலணியின் பள்ளங்களில் இருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டி ஆற்றோரத்திலேயே போட்டாள். வங்கனுயி நகரத்துக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அடையாறு எந்த ஏரியில் தொடங்குகிறது என்று கேட்டாள். ஆதனூர்ப் பக்கம் என்று மட்டும் தெரியும் என்றேன். திரும்பியதும் அங்கிருந்து கடல் வரை நடக்க வேண்டுமாம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.